இரண்டு பாட்டில் கடல்தூசு

கடலை ஆராய்வதற்காக அரசு எனக்குச் சம்பளம் கொடுத்த முதல் அலுவலகத்தின் சன்னலைத் திறந்தால் திண்டிவனம் பேருந்து நிலையம் தெரியும். மாடியில் நாங்கள், கீழே மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை மூட்டைகள். கடல் கிழக்கே வெகுதூரத்தில், நின்று நின்று போகும் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். நிலையத்தை மரக்காணத்திலேயே வைக்க வேண்டும் என்றுதான் முதலில் கோப்பு எழுதினார்களாம். அதிகாரிகளின் பிள்ளைகள் படிக்க அங்கே நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்று யாரோ குறிப்பெழுத, கடலை அங்கேயே விட்டுவிட்டு நிலையத்தை மட்டும் மேற்கே நகர்த்திவிட்டார்கள். எங்களுக்கு மேலே இருந்த மண்டல அலுவலகம் இன்னும் உள்ளே, விழுப்புரத்தில். ரயில் சந்திப்பாயிற்றே! கடலிலிருந்து தூரம் போகப் போகப் பதவி உயரும் என்பது எங்கள் துறையில் யாரும் எழுதிவைக்காத விதி.

இன்று அந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகள் நாற்காலியை விட்டு எழாமலேயே கடல் பச்சை பிடிப்பதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிடுகிறார்கள். காற்று எப்போது மாறியது, எத்தனை நாளில் நிறம் மாறியது எல்லாம் திரையில் வந்துவிடுகிறது. ஒரு கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தபோது அவர்களில் ஒரு பெண், "மேடம், இதெல்லாம் இல்லாம நீங்க எப்படித்தான் வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாள். போலீஸ் உதவியோடு பார்த்தோம் என்றேன். சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் விழுப்புரம் பக்கத்துக் காணைக்காரி. அப்பாவுக்குக் கரும்பும் நெல்லும். விழுப்புரத்தில் விலங்கியல் படித்தேன், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்தேன், மறந்துபோன காலத்தில் கடிதம் வந்தது: ஆய்வக உதவியாளர், தகுதிகாண் பருவத்தில். மூன்று வாரப் பயிற்சி. அதில் இரண்டு வாரம் வருகைப் பதிவேட்டில் எந்த மையில் கையெழுத்துப் போடுவது என்பதைக் கற்றுக்கொண்டேன்.

வேலை என்னவென்றால், கடலின் மேல்மட்டத்திலிருந்து அடிக்கு எவ்வளவு தூசு விழுகிறது என்று எடை போடுவது. தூசு என்றால் மண் மட்டுமல்ல. கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசி வளர்கிறது. அதைச் சின்னஞ்சிறு பூச்சிகள் தின்கின்றன. அவற்றின் எச்சமும், செத்த உடம்பும், பாசித் துணுக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓயாமல் கீழே இறங்குகின்றன. மேலே விளைச்சல் அதிகமானால் கீழே விழுவதும் அதிகமாகும். பருவக்காற்று மாறும்போது அந்த விளைச்சல் மாறுகிறதா என்பதுதான் எங்கள் நிலையத்துக்குக் கொடுத்திருந்த கேள்வி.

பிடிப்பதற்கு ஒரு பொறி. வாய் அகன்ற இரண்டு பிளாஸ்டிக் குழாய்களை ஒரு இரும்புச் சட்டத்தில் கட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பாட்டிலைத் திருகிவிடுவோம். விழுந்தது அழுகிவிடாமல் இருக்க பாட்டிலுக்குள் உப்புக்கரைசலும் பார்மலினும். சட்டத்தின் கீழே கல், மேலே மிதவை. இரண்டு வாரம் கடலுக்குள் தொங்கும். பிறகு மேலே எடுத்து, பாட்டிலை அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, அடியில் தங்கிய மண்டியை மட்டும் வடிதாளில் வடிக்க வேண்டும். அதற்குமுன் இடுக்கியால் சில பூச்சிகளைப் பொறுக்கி எறிய வேண்டும். அவை மேலிருந்து விழுந்தவை அல்ல, தாமாக நீந்தி உள்ளே வந்து செத்தவை. விழுந்தவற்றுக்குத்தான் கணக்கு, சிபாரிசில் நுழைந்தவற்றுக்குக் கிடையாது. எங்கள் அலுவலகத்தில் இந்த விதி பாட்டிலுக்கு மட்டும்தான் பொருந்தியது.

வடிதாளை உலர்த்தி, ஆறவிட்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசில் வைப்பேன். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். மூச்சைக்கூட மெல்ல விட வேண்டும். கீழே மல்லாட்டை மண்டியில் மூட்டையை இறக்கினால் முள் ஆடும். அதனால் மண்டிக்காரர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துத்தான் வங்காள விரிகுடாவை எடை போட்டேன்.

நிலையத்தின் தலைவர் தண்டபாணி சார். வெள்ளைச் சட்டையும் நெற்றியில் மெல்லிய விபூதியுமாகத்தான் வருவார். எந்த வாக்கியத்தையும் "அதாவது பாருங்க" என்றுதான் தொடங்குவார். கடலைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசுவார். அதன்மேல் கால் வைக்க மட்டும் பயம். அது குற்றமில்லை, எனக்கும்தான் பயம். ஆனால் அவருடைய சுற்றுப்பயண நாட்குறிப்பில் மட்டும் அவர் மாதம் இரண்டுமுறை கடலுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். "அலை மிதம். நேரில் சென்று பொறி எடுக்கப்பட்டது" என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருக்கும். அந்த நாள்களில் அவர் மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் தென்னை நிழலில் உட்கார்ந்திருப்பார். சில நாள்களில் அதுகூட இல்லை, திண்டிவனத்திலேயே இருப்பார்.

நிஜமாகப் போனவர் எட்டியப்பன். குப்பத்து மீனவர், ஐம்பதை நெருங்கியவர். தன் கட்டுமரத்தில் இன்னொருவரையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பொறியைப் போடுவார், எடுப்பார். நான் கரையில் காத்திருந்து பாட்டிலை வாங்குவேன். கடலுக்குப் போக முடியாத வாரங்களில் பதிவேடு காலியாக இருக்கும் அல்லவா? அதைத் தண்டபாணி சார் நாற்காலியில் இருந்தபடியே நிரப்பிவிடுவார். "அதாவது பாருங்க அமுதா, கடல்னா ஒரே மாதிரிதான் இருக்கும். முன்னயும் பின்னயும் இருக்கறதைக் கூட்டி ரெண்டால வகுத்துட்டா போச்சு." இப்படி வகுத்து வகுத்து இரண்டு ஆண்டு எண்களைத் தரைமட்டமாக்கிவிட்டு, ஆண்டறிக்கையும் தயார் செய்திருந்தார்: "பருவக்காற்றுக்கும் வீழும் துகள்களின் அளவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு ஏதும் காணப்படவில்லை." எப்படிக் காணப்படும்?

அந்த ஆண்டு கச்சான் காற்று, அதாவது ஆடிக்கு முன்பே மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கும் காற்று, சீக்கிரமே வந்துவிட்டது. வந்ததும் பலமாக அடித்தது. தெருவெல்லாம் புழுதி. பொறி கடலுக்குள் இருந்தது. எடுக்க வேண்டிய நாளில் தண்டபாணி சார், "எனக்கு ஆபீசுல அர்ஜென்ட் வேலை. நீ மட்டும் போய் வாங்கிட்டு வந்துடு" என்றார். மாதிரிகளை எடுத்துச்செல்ல ஒரு அனுமதிக் கடிதம் உண்டு. அவர்தான் கையெழுத்திட வேண்டும். கேட்டேன். "போய்ட்டு வந்து வாங்கிக்க" என்றார். ஜீப் வழக்கம்போல் பட்டறையில். பேருந்தில் போனேன்.

எட்டியப்பன் கரையேறியதும் பாட்டில்களை வெயிலில் தூக்கிக் காட்டினார்.

"இன்னாம்மா இது, எப்பவும் நகக்கண் அளவுதான் மண்டி கெடக்கும். இந்தத் தபா பாரு, பாதி பாட்டிலு! தண்ணி வேற பச்சையாப் பூடுச்சி. கைய வெச்சா ஜில்லுன்னு கீது. மேல வெயிலு கொளுத்துது, கீழ ஐஸ் தண்ணி."

இரண்டு பாட்டில்களையும் துணிப்பையில் வைத்து, குழந்தையை வைத்துக்கொள்வதுபோல் மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்தேன்.

சாராயக் கடைகளை அரசு மூடிவிட்டிருந்த காலம் அது. பாண்டிச்சேரிப் பக்கமிருந்து சரக்கு, கூடையிலும் பால்கேனிலும் சைக்கிள் ட்யூபிலும்கூட வந்துகொண்டிருந்தது. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பேருந்தை நிறுத்தினார்கள். ஏட்டு ஒருவர் ஏறி, என் மடியில் இருந்த பையைப் பார்த்தார்.

"இன்னாம்மா அது?"

"சாம்பிள் சார். கடல்ல எடுத்தது."

"எல்லாரும் அப்பிடித்தாம்மா சொல்றாங்க. எறங்கு."

இறங்கினேன். ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்தவர், "அடியில மண்டி கெடக்குது பாரு, சுத்தமான ஊறலு" என்றார். தடுப்பதற்குள் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய்விட்டார். பார்மலின் அல்லவா! இரண்டு கண்ணிலும் தாரை தாரையாக நீர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சற்று மரியாதையோடு கேட்டார்: "இவ்ளோ காட்டமா கீதே, எந்த ஊரு சரக்கும்மா?"

அனுமதிக் கடிதம் இல்லை. எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்யச் சொன்னேன். உள்ளே போனவர் திரும்பி வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒருத்தர் எடுத்தாரும்மா. 'அதாவது பாருங்க, சார் கடல்ல இருக்கார், சாயந்திரமாத்தான் கரைக்கு வருவார்'னு சொல்றாரு. அமுதான்னு ஒரு பொண்ணு பாட்டிலோட மாட்டிக்கினு கீது, உங்க ஆளான்னு கேட்டேன். 'அதாவது பாருங்க, அது சாருக்குத்தான் தெரியும்'னு போனை வெச்சிட்டாரு."

அலுவலகத்தில் அன்று இருந்தது ஒரே ஒருவர்தான். தான் கடலில் இருப்பதாகத் தானே சொல்லிவிட்டு போனை வைத்திருக்கிறார். எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதுவே வினையானது. "சிரிக்குது பாரு. பழக்கப்பட்ட பார்ட்டி" என்றார் பக்கத்தில் நின்ற காவலர்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். பாட்டில் வாயில் துணி சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்தினார்கள். நாள், நேரம், எங்கே எடுத்தது, யார் கொடுத்தது, மண்டி எவ்வளவு உயரம் எல்லாம் என்னைக் கேட்டு எழுதினார்கள். பேருந்து நடத்துநரும் சாவடி எதிரில் நுங்கு விற்றவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பாட்டில்கள் காவல் நிலையத்தில் தங்கிவிட்டன.

மறுநாள் அலுவலகம் போனால் மேசைமேல் எனக்கு ஒரு குறிப்பாணை. அனுமதியின்றி மாதிரிகளை எடுத்துச்சென்றது ஏன்? கொடுத்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"சார், நீங்கதானே போகச் சொன்னீங்க?"

"அதாவது பாருங்க, நேத்து நான் கடல்ல இருந்தேன். டைரியில எழுதியாச்சு. மண்டல ஆபீசுக்கும் போயாச்சு. நான் கடல்ல இருந்தா பாட்டில் எங்கிட்டல்ல இருக்கணும்? உங்கிட்ட எப்படி வந்துதுன்னு கேட்பாங்களா இல்லையா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு செய். அது ஆபீஸ் சாம்பிளே இல்ல, சொந்த விஷயமா ஏதோ எடுத்துப் போனேன்னு எழுதிக் குடுத்துடு. சின்ன அபராதத்தோட முடிஞ்சுடும். அந்த வாரத்துக்கு நான் சராசரி போட்டுக்கறேன்."

எழுதிக் கொடுத்தால் சாராயக்காரி. கொடுக்காவிட்டால் மேலதிகாரியை எதிர்த்தவள். தகுதிகாண் பருவத்தில் இரண்டுமே வேலைக்கு உலை வைக்கக்கூடியவை. அன்று முழுக்க யோசித்தேன். பாதி பாட்டில் மண்டி கண்ணைவிட்டுப் போகவில்லை. இரண்டு ஆண்டாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் எடை போட்டதெல்லாம் இந்த ஒன்றைப் பார்க்கத்தான் என்று பட்டது. எழுதிக் கொடுக்கவில்லை.

செய்தி எனக்கு முன்னால் காணைக்குப் போய்விட்டது. அப்பா கரும்புக்குத் தண்ணீர் கட்டுவதை விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்கே வந்துவிட்டார்.

"இன்னாடி கேஸு இது? நீ சரக்கு கடத்திக்கினு வந்து மாட்டிக்கினியாம். டீக்கடையில தலகாட்ட முடியல."

"சாராயம் இல்லப்பா. கடல்ல மேலருந்து கீழ விழற தூசு."

"தூசுக்கு எதுக்குடி போலீசு?"

"அதான் எனக்கும் தெரியல."

"திருவாமாத்தூர் வட்டப்பாறை மேல கைய வெச்சிச் சொல்லுவியா?" அந்தக் கோயில் பாறையில் பொய்ச்சத்தியம் செய்தவர் உருப்பட்டதில்லை என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"சொல்லுவேம்பா."

"அப்ப கோர்ட்லயும் அதையே சொல்லு. எவனுக்கும் எதையும் எழுதிக் கிழுதிக் குடுத்துடாத." வந்த பேருந்திலேயே திரும்பிவிட்டார்.

வழக்கு விழுப்புரத்துக்குப் போனது. ஒரு பாட்டிலை மட்டும் திறந்து இரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இன்னொன்று முத்திரையோடு அப்படியே இருந்தது. பரிசோதகரின் முடிவை வாசித்தார்கள்: "மது அல்ல. மனிதர் உட்கொள்ளத் தக்கதும் அல்ல." எங்கள் நிலையத்தைப் பற்றி அரசு வெளியிட்ட முதல் அறிவியல் முடிவு அதுதான்.

நீதிபதி வயதானவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மது இல்லன்னா பின்னே என்னம்மா இது? புரியறாப்ல சொல்லு."

புத்தகத்தில் படித்ததெல்லாம் வாய்க்கு வரவில்லை. அப்பாவின் கரும்புக் கொல்லைதான் நினைவுக்கு வந்தது.

"அய்யா, ஏர் ஓட்டினா அடிமண்ணு மேல வருது இல்லைங்களா? கடல்ல அந்த ஏரைக் காத்து ஓட்டுது. கச்சான் காத்து பலமா அடிக்கறப்ப நம்ம கரையோரத்து மேல்தண்ணியைத் தள்ளிக்கினு போயிடுது. அந்த எடத்துக்கு அடியிலருந்து குளிர்ந்த தண்ணி மேல வருது. சத்தெல்லாம் அடியிலதாங்க கெடக்கு. அது மேல வந்து வெயில் பட்டதும் பாசி வெளையுது. பாசியைப் பூச்சி திங்குது. தின்னது எச்சம் போடுது, சாவுது. அதெல்லாம் கீழ விழுதுங்க. அதைத்தான் பாட்டில்ல புடிச்சோம்."

"அப்போ இதுல இருக்கறது…"

"பூச்சிங்களோட எச்சங்கய்யா."

"இதை எடை போடத்தான் சர்க்கார் உனக்குச் சம்பளம் குடுக்குதா?"

"ஆமாங்கய்யா."

"எனக்கும் ஏறக்குறைய அதே வேலைதாம்மா" என்றார். எதிரே கட்டுக்கட்டாக வழக்குக் கோப்புகள். நீதிமன்றமே சிரித்தது.

பிறகு காவல் ஆய்வாளரைப் பார்த்து, மதுவல்ல என்று தெரிந்த பிறகும் ஏன் இழுத்தடித்தீர்கள் என்று கேட்டார். அலுவலகமே இவரைத் தெரியாது என்று சொன்னதால் அரசுப் பொருள் திருட்டோ என்று சந்தேகித்தோம் என்றார் அவர். உடனே, சம்மன் வாங்கி வந்திருந்த தண்டபாணி சாரைக் கூண்டில் ஏற்றினார்கள். உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன் என்று உறுதி எடுத்துக்கொண்டார். அது திருவாமாத்தூர் பாறை இல்லை என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

"அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"அதாவது பாருங்க, கடல்ல இருந்தேன்."

"எதுல போனீங்க?"

"எட்டியப்பன்னு ஒருத்தர் கட்டுமரத்துல."

சாட்சி சொல்ல வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எட்டியப்பன், கூப்பிடுவதற்கு முன்பே எழுந்துவிட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அய்யா, என் மரத்துல ரெண்டு பேருக்கு மேல ஏறினா முழுகிடும். நானு, எம் மச்சான். இவுரு எங்க குந்துனாரு? நாங்க பாக்கலீங்களே!" என்றார்.

அவர் எகத்தாளமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கவலைப்பட்டார், தனக்குத் தெரியாமல் யாரோ தன் மரத்தில் தொங்கிக்கொண்டு வந்துவிட்டார்களோ என்று.

தண்டபாணி சாரின் வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. எனக்கு அப்போது மகிழ்ச்சி வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஒரு மனிதர் தன் பயத்தை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் போதும். அதை மறைக்க இரண்டு ஆண்டு கடலையே பொய்யாக எழுதியிருக்கிறார்.

வழக்கு தள்ளுபடியாகி, பாட்டில் என் கைக்கு வந்தது. அரக்கு முத்திரையை மேசைமேல் வைத்து உடைத்து, தெளியவிட்டு, பொறுக்கி, வடித்து, உலர்த்தி, மண்டிக்காரர் சாப்பிடப் போனதும் எடை போட்டேன். நம்பிக்கையில்லாமல் மூன்று முறை போட்டேன். பதிவேட்டில் அதுவரை இருந்த எந்த எண்ணும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

தண்டபாணி சார் எட்டிப் பார்த்தார். "போலீஸ் ஸ்டேஷன் தூசு கலந்திருக்கும். அதை அடிச்சிடு."

"முத்திரை உடையலேன்னு கோர்ட்டே எழுதியிருக்கு சார்" என்று சொல்லிவிட்டு மையால் எழுதினேன். உத்தரவின் நகலையும் அந்தப் பக்கத்திலேயே ஒட்டினேன்.

சில வாரம் கழித்துத் தலைமையகத்திலிருந்து ஒரு மூத்த விஞ்ஞானி வந்தார். தரைமட்டமான எண்களுக்கு நடுவே ஒன்று மட்டும் பனைமரம்போல் நிற்பதைப் பார்த்ததும் அது தவறு என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு ஒட்டியிருந்த தாளைப் படித்தார். எடுத்த நாள், நேரம், எடுத்தவர், வாங்கியவர், இரண்டு சாட்சிகள், முத்திரை, இரசாயனப் பரிசோதகர் அறிக்கை, நீதிபதி கையொப்பம். தண்டபாணி சாரிடம் திரும்பினார்.

"மத்த மாதிரிகளுக்கெல்லாம் இந்த மாதிரி ஆவணம் எங்கே இருக்கு?"

"அதாவது பாருங்க…" என்றார் சார். முதன்முறையாக அதற்குமேல் வாக்கியம் வரவில்லை.

விஞ்ஞானி சிவப்பு மையை எடுத்து, நாற்காலியில் விளைந்த வரிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தார். ஆண்டறிக்கையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதமே தண்டபாணி சாரைத் தண்டித்தார்கள்: விழுப்புரத்துக்கு, பதவி உயர்வோடு. கடலிலிருந்து இன்னும் தூரம். என் தகுதிகாண் பருவமும் சத்தமில்லாமல் முடிந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை: பொறி எடுக்கும்போது பதிவேட்டில் கையெழுத்திடுபவர் படகில் இருந்தாக வேண்டும். கையெழுத்திடுபவள் நான்.

அடுத்த கச்சான் பருவத்தில் குப்பத்துக்குப் போய் அந்தச் சுற்றறிக்கையை எட்டியப்பனிடம் வாசித்துக் காட்டினேன். பெண்களை மரத்தில் ஏற்றும் வழக்கம் அங்கே இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டால் நன்றாயிருக்குமே என்றுகூட நினைத்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "கோர்ட்டு படியே ஏறிட்ட. மரத்துல ஏற இன்னா?" என்று சொல்லி, மச்சானைக் கரையிலேயே இறங்கச் சொல்லிவிட்டார்.

முதல் அலையிலேயே நான் தின்ற இட்லி கடலுக்குப் போய்விட்டது. கண்ணை இறுக்க மூடி, மரத்தைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கரை மறைந்தபின் அவர், "கண்ணத் தொறந்து பாரும்மா" என்றார்.

தண்ணீர் பச்சையாக இருந்தது. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. மெல்லக் கையை உள்ளே விட்டேன். சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டேன், அவ்வளவு குளிர். மறுபடி விட்டேன். முழங்கைவரை விட்டேன்.

எட்டியப்பன் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நீ கோர்ட்ல சொன்னது இதெல்லாம், தொட்டுப் பாத்துச் சொல்லலியா?"

"இல்லண்ணே" என்றேன். "இன்னிக்குத்தான் தொடறேன்."